தர்மராஜ் சேரலாதன்: 39 வயதில் தொடங்கிய தொழில்முறைக் கபடி

தர்மராஜ் சேரலாதன் (பிறப்பு: 1975) வலது மூலையில் நின்று பிடித்து ஆடிய இந்தியக் கபடி வீரர். தஞ்சாவூர் மாவட்டத்தில் கல்லணைக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் இடையே உள்ள திருச்சென்னம்பூண்டிதான் சொந்த ஊர்.

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்துவிட்டால் இந்தக் காவிரி டெல்டாவில் கபடி களைகட்டும். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் விளக்குக் கட்டி, விடிய விடிய ஆட்டம் நடக்கும். பரிசுப் பணத்தை அணியே பங்கிட்டுக்கொள்ளும்; அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. நன்றாக ஆடுபவருக்கு ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் அதுவே பெரிய காரியம்.

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முறையாகப் பதக்கப் போட்டியானபோது சேரலாதனுக்கு 15 வயது. ஆனால் வீரர்களை ஏலத்தில் எடுத்துச் சம்பளம் கொடுக்கும் புரோ கபடி லீக் 2014 ஜூலையில்தான் பிறந்தது. பலரும் பயிற்சியாளராகிவிடும் 39 வயதில், பெங்களூரு புல்ஸ் அணியில் அவருடைய தொழில்முறை வாழ்க்கை ஆரம்பமானது.

மூலைக்காரரின் வேலை பொறுமையில் இருக்கிறது. நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டரில் போனஸ் கோடு. எதிரில் ஆறு பேராவது நின்றால், பாடி வருபவர் ஒரு காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மறு காலைத் தூக்கினாலே ஒரு புள்ளி. அந்த நொடியில் அவர் உடல் பாரம் முழுவதும் ஒற்றைக் காலில். மூலைக்காரர் முந்திப் பாய்ந்தால் கை காற்றைப் பிடிக்கும். பிந்தினால் ஆள் நடுக்கோட்டைத் தொட்டிருப்பார். சரியான நேரத்தில் கணுக்காலை இரு கையாலும் கவ்வினால், மற்றவர்கள் வந்து விழுவதுதான் பாக்கி. இதில் கால் வேகத்தைவிடக் கண் கணக்கு முக்கியம். வயது ஏற ஏறச் சேரலாதன் களத்தில் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தெலுங்கு டைட்டன்ஸுக்கு ஆடிய பின், 2016இல் பாட்னா பைரேட்ஸின் தலைவரானார். ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நடந்த லீக் இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூர் அணியை 37-29 என்று வென்று கோப்பையைத் தூக்கியபோது வயது 41. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோற்ற இந்தியா, இறுதியில் ஈரானை 38-29 என வீழ்த்தியது. அந்த அணியிலும் சேரலாதன் இருந்தார்.

லீக்கில் தமிழ்நாட்டின் அணியான தமிழ் தலைவாஸ் 2017இல் களமிறங்கியது. ஆனால் அந்த ஆண்டு டெல்டாக்காரரான சேரலாதன் ஆடியது புனேவுக்கு. அடுத்து மும்பை, 2019இல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸின் தலைவர். எந்த அணியானாலும் சக வீரர்களுக்கு அவர் ‘அண்ணா’தான்.

டெல்டாவிலிருந்து அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியச் சிறுவர் கபடி அணியில், மன்னார்குடி அருகே வடுவூரைச் சேர்ந்த அபினேஷும் இருந்தார். தமிழக அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது.