தண்டவாளம் வளர்த்த ஊரும் ரோடு வளர்த்த ஊரும்

மக்களே, சென்னை மேப்பைத் திறந்து பாருங்க. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் ஒரே கோட்டில் மணி கோர்த்த மாதிரி இருக்கும். அந்தக் கோடுதான் தண்டவாளம். 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கின தி.நகரும் இந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கு. ரயிலில் இறங்குறவங்க நடந்துதான் வெளியே வரணும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் ரங்கநாதன் தெருவில் இத்தனை கடைகள்.

இப்போ ஓ.எம்.ஆருக்கு வருவோம். 2000-ல் டைடல் பார்க் திறந்தாங்க. அதுக்குத் தெற்கே ஐ.டி. ஆபீஸ்கள் ரயிலை நம்பி வரலை, ரோட்டை நம்பி வந்தன. அதனால கம்பெனிக்கு ஒரு காம்பவுண்டு, ஒரு கேட், வாசலில் கேப். எதிர்ப்பக்கம் போகவே யூ-டர்ன் தேடணும். கேப் கிடைக்காத ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் பஸ்தான் கதி.

இப்போ மாதவரம்–சிப்காட் மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்புது. நல்ல விஷயம்தான். ஆனா ஸ்டேஷனில் இறங்கினதும் நடக்க நடைபாதை வேணும். பக்கத்திலேயே அந்த அக்காவுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் வீடும் வேணும். இது ரெண்டும் இல்லைன்னா, ரயில் வந்த பிறகும் அது கார்களுக்கான ஊராவேதான் இருக்கும்.