குடத்துக்குள்ளே ஒரு துகள்

கோவில்பட்டிப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் குழாயடியில் ஒரு வரிசை நிற்கும். ஆட்கள் இல்லை, குடங்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு... குடத்தை வெச்சா இடம் பிடிச்சாச்சு. மானாவாரி பூமி, பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது, தாமிரபரணித் தண்ணி குழாயில் வந்தாகணும். எங்க ஆச்சி காலத்தில் பித்தளைக் குடமும் மண்குடமும்தான். பித்தளைன்னா வெறுங்குடமே சில கிலோ, அதுக்கு மேல 15 லிட்டர் தண்ணி. பிளாஸ்டிக் குடம் சில நூறு கிராம். பிளாஸ்டிக்கைத் திட்டுறவங்க (நானும் திட்டுவேன்) இடுப்பில் சுமந்தவங்க கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கணும். பானை வனையிற வேளார் வீடுகளுக்கு விழுந்த அடியும் இதே குடத்தாலதான், அதையும் மறைக்கக் கூடாது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1933ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி பாலிஎத்திலீனைக் கண்டுபிடிச்சப்ப அதைச் செய்ய ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் தேவைப்பட்டது. கிடைச்சதும் தொளதொளன்னு ஒரு சரக்கு. 1951ல் அமெரிக்காவின் பிலிப்ஸ் கம்பெனியில் ஹோகன், பேங்க்ஸ்னு ரெண்டு பேர், குரோமியம் ஆக்ஸைடை சிலிக்கா மாதிரி நுண்துளைப் பொடியில் ஏற்றி வேலை வாங்கினாங்க. 1953ல் ஜெர்மனியில் கார்ல் ஸீக்லர் டைட்டேனியம், அலுமினியம் சேர்மங்களை வெச்சு சாதாரண அழுத்தத்திலேயே செஞ்சு காட்டினார். அடுத்த வருஷம் இத்தாலியில் நட்டா பாலிபுரொப்பிலீன். ஸீக்லருக்கும் நட்டாவுக்கும் 1963ல் நோபல். ஹோகனுக்கும் பேங்க்ஸுக்கும் இல்லை, எனக்கு அதில் வருத்தம்தான்.

இனிமேல்தான் சுவாரஸ்யமே. அந்த வினையூக்கித் துகள் ஒண்ணு, சுமாரா 50 மைக்ரான், ஒரு முடி கனம்தான். எத்திலீன் வாயு அதன் துளைகளுக்குள் நுழைஞ்சு, உள்ளேயே பிளாஸ்டிக்கா மாறுது. இடம் பத்தலை. உள்ளிருந்து நெட்டித் தள்ளத் தள்ள துகள் வெடிக்குது. ஆனா சிதறிப் போகாது. உடைஞ்ச சில்லுகளை அந்தப் பிளாஸ்டிக்கே ஒட்டிப் பிடிச்சுக்கும். புதுசாத் திறந்த இடத்தில் மறுபடி வினை. இப்படியே விட்டம் 20 மடங்கு ஆனா, கன அளவு 8000 மடங்கு! உருண்டைத் துகள் போட்டா உருண்டை மணியாவே வெளியே வரும்.

நம்ம கரிசலும் வெடிக்குமே? அது நேர் எதிர். மழையில் உப்பின களிமண் வெயிலில் சுருங்கி வெடிக்குது. இது வீங்கி வெடிக்குது.

இதில் அவசரம் கூடாது. ஆரம்பத்திலேயே வேகமா வளர்ந்தா துகள் தூளாயிடும், அந்தத் தூள் போய் ஆலையின் குழாய்களை அடைக்கும். வெடிக்கவே இல்லைன்னா துளை அடைச்சு வேலை நின்னுடும். வெப்பம் வெளியேறலைன்னா துகள்கள் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதனால முதலில் மிதமான சூட்டில் கொஞ்சமா வளர்த்துட்டு அப்புறம்தான் பெரிய கலத்துக்கு அனுப்புவாங்க.

1960களின் கடைசியில் மாண்டெகாட்டினியும் மிட்சுயியும் டைட்டேனியத்தை மக்னீசியம் குளோரைடு மேல் ஏற்றினாங்க. வினையூக்கியின் திறன் பல மடங்கு ஏறிச்சு. அதுக்கு முன்னாடி மிச்சம் இருக்கிற வினையூக்கியைக் கழுவி எடுக்கணும், இல்லைன்னா அதில் உள்ள குளோரின் இயந்திரங்களை அரிக்கும். இப்போ மிச்சம் ரொம்பக் கம்மி, கழுவாம உள்ளேயே விட்டுடலாம். விலை இறங்கினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் 1968ல் தானேயில் பாலியோலிஃபின்ஸ் இண்டஸ்ட்ரீஸ் ஹெச்.டி.பி.இ. தயாரிக்க ஆரம்பிச்சது. 1969ல் வதோதராவில் ஐ.பி.சி.எல். பிறந்தது. அங்கேயும் பிறகு புனே தேசிய இரசாயன ஆய்வகத்திலும் இந்தத் துறையில் உழைச்சவர் சுவாமிநாதன் சிவராம், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படிச்சவர். 2002லிருந்து 2010 வரை அந்த ஆய்வகத்தின் இயக்குநர்.

கொசுறு: பிலிப்ஸின் ஆரம்ப கால சரக்கு தரம் ஒரே சீரா வராம கிடங்கில் தேங்கிக் கிடந்தது. 1958ல் அமெரிக்கப் பிள்ளைகள் இடுப்பில் ஹூலா வளையம் சுத்த ஆரம்பிச்சாங்க, சரக்கு மொத்தமும் அதுக்கே காலி!