கையிருப்பும் தவணையும்: இந்திய அந்நியச் செலாவணி வடிந்த வரலாறு

ஒரு தேசத்தின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பத்தாயத்தில் எவ்வளவு நெல் கிடக்கிறது என்று கேட்கிறார்களே தவிர, அதை அளந்துகொண்டு போக வாசலில் எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்று கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வியை நம் நாட்டுக்கு எந்தச் சம்பவங்கள் கற்பித்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டன் நம்மிடம் பெற்ற சரக்குகளுக்கு ரொக்கம் தராமல் லண்டனில் வரவு வைத்துக்கொண்டே வந்தபடியால், யுத்த முடிவில் இந்தியாவின் ஸ்டெர்லிங் நிலுவை சுமார் 1,700 கோடி ரூபாயை எட்டியிருந்தது. அதற்கு ஈடாக இங்கே நோட்டு அச்சடிக்கப்பட்டு விலைவாசி ஏறியது. ஆகவே அது ஏழைகள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருள் என்றே சொல்லவேண்டும். 1948ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, பிரிட்டிஷார் விட்டுச்சென்ற இராணுவத் தளவாடங்களுக்காகப் பத்துக் கோடி பவுனும், அவர்களுடைய உத்தியோகஸ்தர்களின் பென்ஷனுக்காகச் சுமார் 16.8 கோடி பவுனும் அந்நிலுவையிலிருந்தே கழிந்தன. ஆயினும் இவை நாள் குறித்து, பேசி முடித்துக் கொடுத்தவை. திடுக்கிட வைத்தவை அல்ல.

முதல் திடுக்கீடு இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தோடு வந்தது. 1956 மார்ச்சு இறுதியில் சுமார் 785 கோடி ரூபாயாக இருந்த அந்நிய நாணயச் சொத்து, 1961 மார்ச்சில் 186 கோடியாகக் குறைந்தது. குறைவின் பெரும்பகுதி முதல் இரண்டு வருஷங்களிலேயே நேர்ந்தது. இரும்பாலை இயந்திரங்கள், தனியார் இறக்குமதி, உணவுத் தானியம், சூயஸ் கால்வாய் அடைபட்டதால் ஏறிய கப்பற்கூலி என்று காரணங்களை அடுக்கலாம். ஆனால் ஆராய்ச்சிக்குரிய விசேஷம் வேறு. லைசென்ஸ் வழங்கும் நாள் ஒன்று, சரக்கு துறைமுகத்தில் இறங்கும் நாள் மற்றொன்று, பணம் கட்டும் நாள் இன்னொன்று. ஆகையால் 1957 தொடக்கத்திலேயே இறக்குமதிக் கொள்கையை இறுக்கிய பின்னரும், முன்பு கொடுத்த லைசென்ஸுகளின் பாக்கி மாதந்தோறும் வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் காலத்தில், புழங்கும் நோட்டுக்கு நூற்றுக்கு நாற்பது வீதம் தங்கமும் ஸ்டெர்லிங்கும் வைத்திருக்கவேண்டும் என்ற பழைய விதி கைவிடப்பட்டு, 1956இல் 515 கோடி என்றும், அடுத்த வருஷமே 115 கோடி தங்கம் உட்பட 200 கோடி என்றும் குறைந்தபட்ச வரம்பு தாழ்த்தப்பட்டது. பத்தாயம் வற்ற வற்ற, அடிக்கோட்டையே கீழே இறக்கி வரைந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அதற்குப் பிந்தைய கால் நூற்றாண்டை விரைந்து கடக்கலாம். மேல்படிப்புக்குக் கடல் கடந்த மாணவன் எட்டே டாலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிய காலம் அது. 1966 ஜூன் 6ஆம் தேதி டாலரின் விலை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாயிற்று. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்காயிற்று. 1981இல் ஆர். வெங்கட்ராமன் நிதி மந்திரியாக இருந்தபோது சர்வதேச நிதியத்திடம் பெருங்கடன் பேசப்பட்டது.

இதற்கிடையில் கடனின் சுபாவமே மாறிவிட்டதை அநேகர் கவனிக்கவில்லை. 1975இல் தொடங்கிய வெளிநாடுவாழ் இந்தியரின் அந்நிய நாணய வைப்புகளும், வெளிநாட்டு வங்கிகள் சில மாதத் தவணையில் கொடுத்துப் புதுப்பித்துவந்த கைமாற்றும் எண்பதுகளில் பெருகின. இவை கணக்கில் வரவாகத் தோன்றினாலும், போட்டவர் மனம் மாறினால் அடுத்த தவணையிலேயே வெளியேறக்கூடியவை. 1991 மார்ச்சு இறுதியில் குறுகிய காலக் கடன் 850 கோடி டாலர். தங்கம் உட்பட மொத்தக் கையிருப்போ 580 கோடி டாலர். நூறு ரூபாய் வைத்திருந்தவனிடம் நூற்று நாற்பத்தாறு ரூபாய்க்குச் சீட்டு நீட்டப்பட்டிருந்த நிலை அது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தில் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் உழைத்த நம்மவர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் விமானங்களில் ஊர் திரும்பினர். அக்டோபரிலிருந்து வைப்புகள் கரையத் தொடங்கின. வங்கிகள் தவணையைப் புதுப்பிக்க மறுத்தன. ஜனவரியில் நிதியம் தந்த சுமார் 180 கோடி டாலரும் மணலில் ஊற்றிய நீர்போல் ஆயிற்று. இறக்குமதியாளர் கட்டவேண்டிய முன்பணம் ஏப்ரலில் நூற்றுக்கு இருநூறாக உயர்த்தப்பட்டது. ஆலைகள் மூலப்பொருளின்றித் தவித்தன. மே மாதம், கடத்தல்காரரிடம் பறிமுதலான இருபது டன் தங்கம், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு சுவிட்சர்லாந்தில் விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்தில் சுமார் 47 டன், பம்பாய் நிலவறையிலிருந்து காவலுடன் விமான நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, தனி விமானங்களில் லண்டனுக்கு ஏறியது. வட்டிக்கடையில் தாலிக்கொடியை வைத்தவளுக்குத் தெரிந்த அவமானத்தை அன்று ஒரு தேசமே உணர்ந்தது. அந்த அடகில் கிடைத்த கடன் சுமார் 40 கோடி டாலர். அவ்வாண்டு முடியுமுன்பே கடன் அடைபட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

வியாபாரப் பற்றாக்குறையே 1991க்கு மூலகாரணம் என்பது பொதுவான கூற்று. அதை மறுப்பதற்கில்லை, ஆனால் பற்றாக்குறை வருஷக்கணக்கில் சேர்ந்த வியாதி, குறுந்தவணைப் பாக்கியோ ஒரு சில மாதங்களில் உயிரைப் பிடித்த ஜன்னி. சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1993இல் அளித்த அறிக்கை இந்தப் பேதத்தைத் தெளிவாக உணர்ந்து, குறுகிய காலக் கடனுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றும், இறக்குமதி மாதங்களோடு கொடுக்கவேண்டிய பாக்கியையும் வைத்தே கையிருப்பை மதிப்பிடவேண்டும் என்றும் கூறியது. உலகமோ அதற்கு 1997வரை காத்திருந்தது. தாய்லாந்தின் மத்திய வங்கி வெளியே காட்டிய கையிருப்பில் பெரும்பகுதி முன்பேர ஒப்பந்தங்களில் ஏற்கெனவே கட்டுண்டிருந்தது தெரியவந்த பிறகே, அடுத்த ஓராண்டுக்குள் வெளியேறக்கூடிய தொகைகளையும் நாடுகள் வெளியிடவேண்டும் என்ற முறையை நிதியம் வகுத்தது.

கையிருப்போடு ஒப்பிட்டால் 1991இல் நூற்றுக்கு 146ஆக இருந்த குறுகிய காலக் கடன் விகிதம், 2024 மார்ச்சில் சுமார் 19. ஆனால் நீண்ட காலக் கடனில் அடுத்த ஒரு வருஷத்துக்குள் முதிர்வதையும் கூட்டினால், அது இரு மடங்கையும் தாண்டுகிறது.