காவடித் தண்டும் கார் இன்ஜினும்

நாசி கண்டார் என்றாலே பினாங்குதான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரில் உள்ள 'கண்டார்' சோற்றையும் குறிக்காது, குழம்பையும் குறிக்காது. தோளில் சுமக்கும் தண்டையே குறிக்கும். ஜார்ஜ்டவுன் தெருக்களில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் கறியையும் தொங்கவிட்டு நடந்தே விற்ற காலம் அது.

நேராக நடப்பதில் சிரமம் இல்லை. சந்து முனையில் சட்டென்று திரும்பும்போதுதான் தொல்லை. தோள் திரும்பிவிடும், முனைகளில் தொங்கும் பாரம் திரும்ப மறுக்கும். திரும்பத் தொடங்கிவிட்டாலோ நிற்க மறுக்கும். அதே பாரத்தைத் தோளோடு ஒட்டிக் கட்டினால் ஆள் பம்பரமாய்ச் சுழலலாம். பாரம் குறையவில்லை, இடம்தான் மாறியது.

இந்த எளிய உண்மை கார் உலகில் நிலைபெற எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றால் வியப்பாக இல்லையா?

1886இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் இன்ஜின் பின்னால் இருந்தது. 1891இல் பிரான்சின் பனார் லெவாசோர் நிறுவனம் அதை முன்னால் வைத்தது. உலகமே அதைப் பின்பற்றியது. மூக்கு கனத்த கார் வளைவில் நேராகப் போகவே பார்க்கும். எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். சாதாரண ஓட்டுநருக்கு அதுவே பாதுகாப்பு.

1934இல் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார் இதை மாற்றிப் பார்த்தது. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த அந்தக் காரில் ஓட்டுநருக்குப் பின்னால் 16 சிலிண்டர் இன்ஜின். பினாங்கு திரிஷாவில் பயணி முன்னே, மிதிப்பவர் பின்னே இருப்பது போல! முன் சக்கரங்களை ஒட்டி உட்கார்ந்த ஓட்டுநருக்குப் பின்பக்கம் சறுக்குவது தாமதமாகவே தெரிந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்த பெர்ன்ட் ரோஸ்மேயர் அதை அடக்கி, 1936இல் ஐரோப்பியச் சாம்பியன் ஆனார்.

போருக்குப் பின் இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்துச் சிறிய பந்தயக் கார் கட்டினார்கள். சங்கிலி பின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், ஆகவே இன்ஜினும் பின்னால் போயிற்று. தத்துவம் ஒன்றுமில்லை, வசதிதான்! 1958இல் அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் ஸ்டர்லிங் மோஸ் கூப்பர் காரில் வென்றார். 1959, 1960 இரண்டு ஆண்டும் ஜாக் பிராபம் கூப்பரிலேயே உலகச் சாம்பியன். பிடிவாதமாக இருந்த ஃபெராரியும் 1961இல் இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் கொண்டுபோனது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 'பின்னால்' என்பதில் இரண்டு வகை உண்டு. கூப்பரில் இன்ஜின் பின் அச்சுக்கு முன்னே, காரின் நடுப்பகுதியில் இருந்தது. 1963இல் வெளிவந்த போர்ஷே 911இல் அது பின் அச்சையும் தாண்டித் தொங்கியது. வளைவில் பயந்து காலை எடுத்தால் எடை முன்னே சாயும், பின் டயர் பிடியை இழக்கும், வால் சுழன்றுவிடும். 1969ஆம் ஆண்டு மாடலில் போர்ஷே பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னே நகர்த்தியது. பேட்டரிகளை முன் மூலைகளில் வைத்தது.

அமெரிக்காவின் ஷெவர்லே கோர்வேர் குடும்பக் கார், பந்தயக் கார் அல்ல. 1960ஆம் ஆண்டு மாடலாக அறிமுகமான அதற்கும் இன்ஜின் பின்கோடியில்தான். முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு காற்று இருக்க வேண்டும் என்றது நிறுவனம். எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்? 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூல் அந்தக் காரின் விபத்துகளை நாடறியச் செய்தது. அதே காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமல்ல என்று 1972இல் அரசு ஆய்வு சொன்னபோது கோர்வேர் உற்பத்தியே நின்றுபோயிருந்தது.

மலேசியாவுக்கும் இதில் பங்குண்டு. 1996இல் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டான் வாங்கியது, 2017 வரை வைத்திருந்தது. அந்த லோட்டஸின் எலீஸ் காரில் எடையில் ஏறக்குறைய நான்கு பங்கு முன்னே, ஆறு பங்கு பின்னே. போர்ஷே 911இலும் கணக்கு கிட்டத்தட்ட அதுதான். ஆனால் எலீஸில் இன்ஜின் இருக்கைக்கும் பின் அச்சுக்கும் இடையே, தோளோடு கட்டிய பாரம். 911இல் அது தண்டின் முனை. எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

புரோட்டான் சாகா போன்ற குடும்பக் கார்களில் இன்ஜினும் முன்னால், இழுக்கும் சக்கரங்களும் முன்னால். பாலேக் பூலாவில் டுரியான் வாங்கிப் பின்பக்கச் சாமான் அறையை நிரப்பி, தெலுக் பகாங் மலை வளைவுகளில் இறங்கும்போது அந்தச் சமநிலை மாறுகிறது. கனமான கூடைகளைக் கதவோரம் வைக்காமல், பின் இருக்கையின் முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும்.