ஈயமும் அடுப்பும்

அச்சன்புதூரை அடுத்த வடகரை, பூலித்தேவரோடு நின்ற மேற்குப் பாளையங்களுள் ஒன்று. 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டுஞ்செவலைக் கைப்பற்ற இயலாது மீண்டான். 1767இல் வாசுதேவநல்லூர்க் கோட்டை வீழ்ந்தது. இப்போர்களைப் பேசுவோர் வேலையும் கோட்டையையும் வியப்பர். பாளையக்காரர் துப்பாக்கிகளுக்கு உணவான ஈயக் குண்டை அரிதாகவே நினைப்பர்.

இரும்பை உருக்க உலையும் துருத்தியும் வேண்டும். ஈயமோ 327 பாகையிலேயே உருகும், விறகடுப்பே போதும். தனி ஈயம் மென்மையானது. சிறிது வெள்ளீயம் கலந்தால் உருகுநிலை தாழும். கலவை அச்சில் நன்கு நிறையும். குண்டும் சற்றே இறுகும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் கையாண்ட அதே வெள்ளீயந்தான்! வீட்டிலேயே முடியும் இத்தொழிலைக் கண்காணிப்பது எந்த அரசுக்கும் அரிது. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின், 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையத்தார் ஆயுதம் தாங்குவதையே தடைசெய்தது.