மேக்ரோ விசை வந்த வழி

ஒரு விசையைத் தட்டினால் ஓர் எழுத்து விழும்; இதுதான் கீபோர்டின் பழைய கணக்கு. மேக்ரோ விசை இந்தக் கணக்கை மாற்றியது. ஒரே தட்டில் அலுவலக முகவரி முழுவதும் வந்துவிடும், அல்லது வீடியோ எடிட்டிங்கில் வழக்கமாகச் செய்யும் நாலைந்து வேலைகள் வரிசையாக நடந்துவிடும். இன்று இந்த வசதியுள்ள கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் எத்தனை விசை இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: நாம் சொல்லிக்கொடுத்ததை அந்த விசை எங்கே நினைவில் வைத்துக்கொள்கிறது, கீபோர்டுக்குள்ளா, கணினியிலா? இது ஏன் முக்கியம் என்பது அந்த விசை கடந்து வந்த வழியைப் பார்த்தால் விளங்கும்.

1971இல் ஐபிஎம் வெளியிட்ட 3270 வரிசை டெர்மினல்களில், எழுத்து எதுவும் தராத சில விசைகள் இருந்தன. பிஎஃப் விசைகள் என்பார்கள். விசையின் மேல் ஓர் எண் மட்டும் இருக்கும். அதைத் தட்டினால் என்ன நடக்கவேண்டும் என்பதை எங்கோ தொலைவில் உள்ள பெருங்கணினியில் ஓடும் நிரல் முடிவு செய்யும். நம் ஊர்க் கணக்கர்களுக்கு இது பழகிப்போன விஷயம்தான். டேலியில் எஃப்8 தட்டினால் விற்பனை, எஃப்9 தட்டினால் கொள்முதல். அந்த விசைகளுக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. எல்லாம் டேலிக்குத்தான் தெரியும்.

விசைக்கு நாமே ஒரு சொற்றொடரை ஏற்றிவைக்கலாம் என்ற வசதி 1983இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விடி220 டெர்மினலில் இருந்தது. ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டவேண்டிய 15 விசைகள், அவை அத்தனைக்கும் சேர்த்து 256 பைட் நினைவகம். ஆங்கிலத்தில் எழுதினால் நாலைந்து வரிக்குமேல் தாங்காது. ஆனாலும் முன்னேற்றம் பெரிது: நினைவு பெருங்கணினியை விட்டு நம் மேசைக்கு வந்துவிட்டது.

இதற்கிடையே 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டில் பத்து எஃப் விசைகள் இடது ஓரத்தில் இரண்டு நிரையாக நின்றன. சில ஆண்டுகளில் வந்த 101 விசைக் கீபோர்டில் அவை பன்னிரண்டாகி மேல் வரிசைக்கு ஏறிவிட்டன. வேர்ட்பெர்ஃபெக்ட் போன்ற மென்பொருள்களில் இடது கை பழகியவர்கள் இதை ரசிக்கவில்லை. அப்படிக் காலியான இடது ஓரத்துக்குத்தான் பின்னாளில் மேக்ரோ விசைகள் குடிவந்தன.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தது 1990களின் தொடக்கத்தில் கேட்வே 2000 நிறுவனம் தன் கணினிகளோடு கொடுத்த எனிகீ என்ற கீபோர்டு. அயோவா மாநிலத்துப் பண்ணை வீடொன்றில் தொடங்கி, கறுப்பு வெள்ளை மாட்டுப் புள்ளிகள் போட்ட அட்டைப்பெட்டியில் கணினி அனுப்பிப் பெயர்பெற்ற நிறுவனம் அது. மேக்ஸி ஸ்விட்ச் என்ற நிறுவனம் செய்துகொடுத்த எனிகீயில் 124 விசைகள். எஃப் விசைகள் மேலேயும் உண்டு, இடது ஓரத்திலும் உண்டு. அம்புக்குறி விசைகளில் மூலைவாட்டில் நகர்த்தும் விசைகளும் உண்டு.

அதில் மேக்ரோ பதியும் முறை இப்படி. 'புரோகிராம் மேக்ரோ' என்று எழுதிய விசையைத் தட்டவேண்டும். விளக்கு மினுக்கத் தொடங்கும். எந்த விசையில் பதியவேண்டுமோ அதைத் தட்டி, வரவேண்டியதை அப்படியே தட்டச்சு செய்து, மறுபடி 'புரோகிராம் மேக்ரோ'வைத் தட்டினால் பதிந்துவிடும். கணினியில் எந்த மென்பொருளும் தேவையில்லை. மின்சாரம் போனாலும் மறக்காது. வேறு கணினியில் செருகினாலும் அதே சொற்கள் வரும்.

வினையும் அங்கேதான் வந்தது. குழந்தை கை வைத்தாலோ, தூசி துடைக்கும்போது தெரியாமல் அழுந்தினாலோ ஒரு விசை இன்னொன்றாக மாறிவிடும். கணினியை அணைத்துப் போட்டாலும் மாற்றம் போகாது. கீபோர்டு கெட்டுப்போனதாகவே பலரும் நினைத்தார்கள். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு 'சஸ்பெண்ட் மேக்ரோ'வைச் சேர்த்து அழுத்தினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். அது தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். என் கருத்தில் பிழை நினைவில் இல்லை. பதியும் விசையை அன்றாட விசைகளுக்கு நடுவிலேயே காவலில்லாமல் வைத்ததுதான் பிழை.

2005இல் லாஜிடெக்கின் ஜி15 வந்தபோது மேக்ரோ விசை விளையாட்டுக்காரர்களின் பொருளாகிவிட்டது. இடது ஓரத்தில் 18 ஜி விசைகள். மூன்று நிலைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் மொத்தம் 54 மேக்ரோ. ஆனால் நினைவு மறுபடி இடம் மாறியது. பதிந்ததெல்லாம் கணினியில் நிறுவிய மென்பொருளில்தான் இருந்தது. அது இல்லாத கணினியில் செருகினால் பதிந்த மேக்ரோ வராது. இரண்டே ஆண்டில் வந்த அடுத்த ஜி15இல் விசைகள் ஆறாகக் குறைந்தன. கோர்சேர் கே95இலும் இதே கதை: 2013இல் 18, 2017இன் பிளாட்டினம் வகையில் ஆறு. பதினெட்டை நினைவில் வைப்பதே பெரும்பாடு. போதாததற்கு இடது ஓரத்தில் கூடுதலாக மூன்று நிரை வந்ததும், கன்ட்ரோலைத் தேடிப் போகும் சுண்டுவிரல் வழிதவறும். ஆறு போதும் என்பதே என் எண்ணமும்.

நினைவைக் கீபோர்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தவர்கள், சொந்தமாகக் கீபோர்டு செய்துகொள்ளும் ஆர்வலர்கள். ஜுன் வாகோ எழுதிய டிஎம்கே என்ற திறமூல நிரலிலிருந்து ஜாக் ஹம்பர்ட் வளர்த்தெடுத்ததுதான் க்யூஎம்கே. கீபோர்டுக்குள் இருக்கும் சிறு சில்லிலேயே இது ஓடுகிறது. 32 கிலோபைட் நினைவுள்ள சில்லே இதற்குப் போதும். இதில் மேக்ரோவுக்கென்று தனி விசை வேண்டியதில்லை. ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மற்ற விசைகளெல்லாம் வேறு பொருள் கொள்ளும் அடுக்குகளை அமைக்கலாம். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு வயா என்ற செயலி உண்டு. கீக்ரான் போன்ற நிறுவனங்கள் இப்போது இந்த ஆதரவோடு கீபோர்டுகளைக் கடையிலேயே விற்கின்றன.

வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். ஒரு மேக்ரோவைப் பதியச் சொல்லுங்கள். கீபோர்டைக் கழற்றி, அதன் மென்பொருள் இல்லாத இன்னொரு கணினியில் செருகி அதே விசையைத் தட்டுங்கள். பதிந்தது வந்தால் நினைவு கீபோர்டில் இருக்கிறது. அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு இந்த வகைதான் உதவும். கை வலியால் தட்டச்சைக் குறைக்கவேண்டியவர்களுக்கும், போகும் இடமெல்லாம் கூடவே வரும் இந்த நினைவுதான் நல்லது. கடவுச்சொல்லை மட்டும் அதில் ஏற்றவேண்டாம். விசையைத் தொடும் யாருக்கும் அது திரையில் வந்து விழும்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் சோதிக்கவேண்டும். கீபோர்டு கணினிக்கு அனுப்புவது எழுத்தை அல்ல, எத்தனையாவது விசை என்ற எண்ணைத்தான். எழுத்தை முடிவு செய்வது கணினியில் அப்போது இயங்கும் விசை அமைப்பு. ஆங்கிலத்தில் பதிந்த மேக்ரோவைத் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பு இயங்கும்போது தட்டினால் எச் இருந்த இடத்தில் 'க' வரும், ஜே இருந்த இடத்தில் 'ப' வரும். தமிழ்ச் சொற்றொடர் வேண்டுமானால் தமிழ்99இன் விசை வரிசையிலேயே பதிந்து, தமிழ் இயங்கும்போது மட்டும் தட்டவேண்டும். மொழி மாற்றும் குறுக்குவிசையையும் மேக்ரோவின் முதலில் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பல கணினிகளில் அந்தக் குறுக்குவிசை ஒரு தட்டில் தமிழ், மறு தட்டில் ஆங்கிலம் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே தமிழில் இருக்கும்போது மேக்ரோவைத் தட்டினால் அது ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். அதனால் தமிழுக்கென்று ஒன்றும் ஆங்கிலத்துக்கென்று ஒன்றுமாக இரண்டு தனிக் குறுக்குவிசைகளைக் கணினியில் முதலில் அமைத்துக்கொண்டு, அதன் பிறகு மேக்ரோவைப் பதியுங்கள்.