கப்பல் எப்போ ஜோடியை எண்ண ஆரம்பிச்சது?

இன்னைக்கு எபிசோட் ஒரு விலைப்பட்டியல்ல இருந்து தொடங்குது.

நீங்களும் உங்க துணையும் முதல் முறையா ஒரு க்ரூஸ் போகலாம்னு முடிவு பண்ணி, ஏதோ ஒரு புக்கிங் தளத்தைத் திறக்கிறீங்கன்னு வைங்க. பெரிய எழுத்தில் ஒரு கட்டணம் இருக்கும். அதுக்குக் கீழே சின்ன எழுத்தில், ‘ஒரு அறையில் இருவர் தங்கினால், ஒருவருக்கு’ என்று போட்டிருக்கும். தனியா போறவர் அந்த அறைக்குப் பல நேரம் கிட்டத்தட்ட ரெண்டு பேர் காசைக் கொடுக்கணும். க்ரூஸ் கம்பெனிகள் ஒரு கப்பல் ‘நூறு சதவீதம் நிரம்பியது’ என்று சொல்வதும் இதே கணக்கில்தான். ஒவ்வொரு அறையிலும் ரெண்டு பேர் இருந்தால் அது நூறு. குழந்தைகளோ நண்பர்களோ மூணாவது, நாலாவது ஆளாகச் சேர்ந்தால் நூற்றைத் தாண்டும்.

அதாவது, இந்தத் தொழிலில் அடிப்படை அலகு ஒரு ஆள் இல்லை, ஒரு ஜோடி. எப்பவும் இப்படி இருந்ததில்லை. கப்பல் ஜோடியை எண்ண ஆரம்பிச்ச கதை தெரிஞ்சா, உங்க முதல் க்ரூஸை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுங்கிறதும் பாதி புரிஞ்சிடும்.

ஜோடியை எண்ணாத ஒரு கப்பலை முதல்ல பார்ப்போம். பெயர் ரஜூலா. 1926இல் கட்டப்பட்டது, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேலே ஓடிய கப்பல். உங்க வீட்டுப் பெரியவர்கள் யாராவது மலேயாவில் இருந்திருந்தால் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. சுமார் 8,500 டன் கப்பல். ஆரம்பத்தில் அதற்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. பிற்காலத்தில் அந்த எண்ணிக்கையைக் குறைத்தார்கள். டெக் பயணி என்றால் அறை கிடையாது. தளத்தில் பாயை விரிச்சுக்க வேண்டியதுதான். அப்படிப் போனவர்களில் பலர் வேலை தேடிப் போன ஆண்கள். மனைவி ஊரிலேயே இருப்பார், மணியார்டருக்கும் கடிதத்துக்கும் காத்திருப்பார். நம்ம பக்கத்துல கப்பல்ங்கிறது ரொம்ப காலம் ஜோடிகளைப் பிரிச்ச ஒரு வாகனம்.

ஐரோப்பாவிலும் பெரிய கப்பல் கம்பெனிகளின் கல்லாவை நிரப்பியது பிழைப்புத் தேடிப் போனவர்கள்தான். ஹாம்பர்க் நகரத்தின் ஹாபாக் கம்பெனி லட்சக்கணக்கான ஏழை மக்களை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்றது. அதே கம்பெனியில்தான் க்ரூஸ் தொழிலுக்கு விதை விழுந்தது.

அங்கே ஆல்பர்ட் பாலின் என்று ஒரு நிர்வாகி. அவருக்கு ஒரு தலைவலி. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் கடல் கொந்தளிக்கும், பயணிகள் குறைஞ்சிடுவாங்க. புத்தம்புதுக் கப்பல்கள் சும்மா நிற்கும். ஆடி மாசத்துல கல்யாண மண்டபம் காலியா கிடக்குமே, அந்த மாதிரி. வருமானம் இல்லை, பராமரிப்புச் செலவு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்.

பாலின் அந்தக் கப்பலைத் தெற்கே திருப்பினார். 1891 ஜனவரி 22 அன்று அகஸ்டா விக்டோரியா என்ற கப்பல் 241 பயணிகளோடு ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. போய்த் திரும்ப சுமார் ரெண்டு மாதம். பாலினும் அவர் மனைவியும் அதே கப்பலில் போனார்கள். தன் ப்ராடக்டைத் தானே முதலில் பயன்படுத்திப் பார்த்த ஆள்!

உல்லாசத்துக்காகக் கப்பல் ஏறுவது அப்போ முழுக்கப் புதுசு கிடையாது. 1844இலேயே பி அண்ட் ஓ கம்பெனி எழுத்தாளர் தாக்கரேவுக்கு இலவச டிக்கெட் கொடுத்து மத்தியதரைக் கடலைச் சுற்றிவர வைத்தது. அவரும் ஊர் திரும்பி ஒரு பயணப் புத்தகம் எழுதினார். இன்ஃப்ளூயன்சர் மார்க்கெட்டிங் நாம கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. 1867இல் குவேக்கர் சிட்டி என்ற கப்பலில் மார்க் ட்வைன் ஐரோப்பாவுக்கும் ஜெருசலேம் பக்கமும் போனதும் இதே வகைதான். பாலின் செய்த புதுமை, இதை ஒரு பெரிய கம்பெனியின் வழக்கமான தொழிலாக்கியது. 1900இல், உல்லாசப் பயணத்துக்கென்றே வடிவமைத்த பிரின்செஸின் விக்டோரியா லூயிஸ் கப்பலைக் கடலில் இறக்கினார். 120 அறைகள், எல்லாமே முதல் வகுப்பு. ஏழைகளுக்கான தளமே இல்லை. 1906 டிசம்பரில் அது ஜமைக்கா அருகே தரைதட்டி அழிந்தது. பயணிகள் அனைவரும் பிழைத்தார்கள். கேப்டன் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

பாலின் விற்ற பொருள் என்ன? ஊர்கள். பழைய நகரம், கோயில், பிரமிடு. கப்பல் ஒரு நகரும் ஹோட்டல், அவ்வளவுதான். இரவில் தூங்குங்க, காலையில் வேற ஊர்ல எழுந்திருங்க. இதை முதல் வகை க்ரூஸ் என்று வைத்துக்கொள்வோம்.

ரெண்டாவது வகை வந்த காரணம் வேற. 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. கரையில் மது விற்கக் கூடாது, அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலிலும் கூடாது. 1922இல் ஒரு அமெரிக்கக் கம்பெனி ரிலையன்ஸ், ரெசொல்யூட் என்ற தன் ரெண்டு கப்பல்களைப் பனாமா நாட்டில் பதிவு செய்தது. கொடி மாறியதும் சட்டம் மாறியது, பார் திறந்தது. நியூயார்க்கிலிருந்து கிளம்பி, எந்த ஊருக்கும் போகாமல், கடலில் சுற்றிக் குடித்துவிட்டுத் திரும்பும் பயணங்களும் பிரபலமாயின. போகிற இடம் எதுவுமே கிடையாது, கப்பலே போதும்!

மதுவிலக்கு 1933இல் போயிடுச்சு. ஆனா, கொடியை மாற்றும் பழக்கம் நின்னுடுச்சு. இன்னைக்கும் பெரிய க்ரூஸ் கப்பல்கள் பல பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளில் பதிவானவை. வரி எவ்வளவு, ஊழியருக்கு எந்த நாட்டுச் சட்டம் என்பதெல்லாம் அந்தக் கொடியைப் பொறுத்தது. உங்க அறையைத் தினமும் சுத்தம் பண்றவர் பல மாச ஒப்பந்தத்தில், தன் குடும்பத்தை விட்டு வந்து வேலை செய்றவர். ரஜூலாவில் போனவரின் கதை முடிஞ்சு போகலை. அதே கதை இப்போ கீழ்த்தளத்துல நடக்குது.

கொடியில் கல்யாணக் கதையும் உண்டு. குனார்ட் கம்பெனி 2011இல் தன் மூன்று கப்பல்களின் பதிவை இங்கிலாந்திலிருந்து பெர்முடாவுக்கு மாற்றியது. பிரிட்டிஷ் பதிவு இருந்தவரை கப்பலில் சட்டப்படி திருமணம் நடத்த முடியாது. பெர்முடா சட்டம் அதை அனுமதித்தது. கப்பலில் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்பட்ட ஜோடிகளுக்காகக்கூட ஒரு கம்பெனி கொடியை மாத்தும்னா, அந்த மார்க்கெட் எவ்வளவு பெருசுன்னு பாருங்க.

சரி, பழைய கதைக்கு வருவோம். 1921லும் 1924லும் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கடுமையான வரம்பு போட்டது. ஏழைப் பயணிகள் குறைந்தார்கள். 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பித்தன. ஐந்து நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. அடுத்த பத்து, பதினைந்து வருஷத்தில் பெரிய பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றாக வேலை இழந்தன.

1966இல் அதே காலிக் கப்பல் பிரச்சினை மறுபடியும் வந்தது. நார்வேக்காரர் க்னூட் க்ளோஸ்டரிடம் சன்வார்ட் என்ற புதுக் கப்பல் வேலையில்லாமல் நின்றது. மயாமியில் டெட் அரிசன் என்பவரிடம் பயணிகள் இருந்தார்கள், கப்பல் இல்லை. ரெண்டு பேரும் கைகோர்த்தார்கள். அந்த டிசம்பரில் சன்வார்ட் மயாமியிலிருந்து பஹாமாஸுக்குப் போய்வர ஆரம்பித்தது. சில நாள் பயணம், நடுத்தர வர்க்கம் கொடுக்கக்கூடிய விலை. பிறகு ரெண்டு பேருக்கும் சண்டை வந்தது. பிரிந்து போன அரிசன் கார்னிவல் கம்பெனியை ஆரம்பித்தார். 1972 மார்ச்சில் அதன் முதல் கப்பல் மார்டி க்ரா முதல் பயணத்திலேயே மயாமி வாசலில் மணல்திட்டில் சிக்கியது. அந்தக் கம்பெனிதான் பின்னாளில் உலகின் மிகப் பெரிய க்ரூஸ் நிறுவனமானது.

மயாமிக்காரர்கள் பாலினின் கணக்கைத் தலைகீழாக்கினார்கள். ஊர் முக்கியமில்லை. சாப்பாடு, பாட்டு, நீச்சல் குளம், கேசினோ, எல்லாம் கப்பலுக்குள்ளேயே. 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி லவ் போட்’ தொடர் வந்தது. பசிபிக் பிரின்சஸ் என்ற நிஜக் கப்பலின் பெயரில் கதை. ஒவ்வொரு வாரமும் யாராவது கப்பல் ஏறுவார்கள், காதலிப்பார்கள், சண்டை போடுவார்கள், சேர்ந்து இறங்குவார்கள். 1986 வரை ஓடியது. வயசானவங்க போற விஷயம்னு இருந்த க்ரூஸை ஜோடிகள் போற விஷயமா மாத்தினதுல இந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு. கப்பல் கட்டும் விதமும் மாறிக்கிட்டே வந்தது. 1984இல் இளவரசி டயானா பெயர் சூட்டிய ராயல் பிரின்சஸ் கப்பலில் எல்லா அறைகளுமே கடலைப் பார்த்தவை, பல அறைகளில் சொந்த பால்கனி. பால்கனியில் எத்தனை நாற்காலி? ரெண்டு.

இப்போ ஒரு சின்ன கணக்கு. இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது பண்ணணுமே! கப்பலுக்குச் சொல்லும் ‘டன்’ எடை இல்லை, உள்ளே மூடிய இடம் எவ்வளவு என்பதன் அளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு இடம்னு ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். அந்தக் கால அளவு முறை கொஞ்சம் வேற, இருந்தாலும் பாருங்க. ரஜூலாவின் உச்சக் கணக்கில் தலைக்கு ரெண்டுகூட வராது. 2024இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ், 2,48,663 டன். அறைக்கு ரெண்டு பேர் கணக்கில் 5,610 பயணிகள். தலைக்கு சுமார் 44. ரஜூலாவும் ஐகானும் ஏற்றியது கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை ஆட்கள்!

இந்த ரெண்டுக்கும் நடுவுல நமக்குத் தெரிஞ்ச ஒரு கப்பல் இருக்கு. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியாவின் எம்ப்ரஸ் கிளம்பியது ஞாபகம் இருக்கலாம். அது 1990இல் பிரான்ஸில் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டது. சுமார் 48,500 டன், அறைக்கு ரெண்டு பேர் கணக்கில் சுமார் 1,600 பயணிகள், தலைக்கு 30. அதைக் கட்டியதே மயாமியிலிருந்து பஹாமாஸ் போகும் மூணு, நாலு நாள் பயணங்களுக்காக. அப்போ பால்கனி அரிது, அதனால் அந்த மாதிரி அறைகள் குறைவு. சின்ன அறை, பெரிய பொது இடம். அறையில் தூங்கினா போதும், மீதி நேரம் வெளியே கொண்டாடுங்கங்கிற டிசைன். சென்னையில் அது ரெண்டு இரவு நடுக்கடலுக்குப் போய்த் திரும்பும் பயணமும் விற்றது. மதுவிலக்குக் காலத்து நியூயார்க்கின் யோசனை, நூறு வருஷம் கழிச்சு நம்ம ராயபுரம் பக்கம் கரை சேர்ந்திருக்கு.

அப்போ முதல் க்ரூஸை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் தனித்தனியா ஒரு பேப்பர்ல பதில் எழுதுங்க: உனக்கு வேண்டியது ஊரா, கப்பலா? ஒருத்தர் பாலின் கட்சி, இன்னொருத்தர் மயாமி கட்சின்னு வந்தா, அந்தப் பேச்சு கரையிலேயே முடியட்டும். ஊர் வேணும்னா துறைமுகத்தில் கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கும்னு பாருங்க. காலை எட்டுக்கு வந்து மதியம் ரெண்டுக்குக் கிளம்புற கப்பல்ல ஊரைப் பார்க்க முடியாது, கடைத்தெருவைத்தான் பார்க்கலாம். கப்பல் வேணும்னா அது எந்த வருஷம், எந்த வழித்தடத்துக்காகக் கட்டினதுன்னு பாருங்க, அந்த டன் கணக்கையும் போடுங்க. மூணு நாள் கொண்டாட்டத்துக்குக் கட்டின சின்ன அறையில் பத்து நாள் ரெண்டு பேர் இருக்கிறது வேற அனுபவம்.

அப்புறம், கட்டணத்துல எது அடக்கம், எது தனி, டிப்ஸ் யார் கைக்குப் போகுதுன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வியை மட்டும் எந்த விளம்பரமும் உங்களுக்காகக் கேட்காது.

கடைசியா ஒரு வேலை. தாத்தா, பாட்டி யாராவது ரஜூலாவிலோ, அதுக்குப் பிறகு ஓடின சிதம்பரம் கப்பல்லயோ போயிருந்தா, புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. டெக்ல எங்க படுத்தாங்க, யாரைக் கரையில விட்டுட்டுப் போனாங்கன்னு கேளுங்க. பதிலை ரெக்கார்ட் பண்ணி எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட் அதை வெச்சுதான்.